மாமனார் கப்பலுக்கு மார்க்

போன வருஷத்துப் போட்டி, ஒரு பீரங்கி வண்டியின் குழல் ஒடிந்ததோடு முடிந்திருந்தது. கையகல வண்டிதான், பிளாஸ்டிக் குழல்தான். ஆனால் அது ஒருவர் அரை வருஷம் குனிந்த தலை நிமிராமல் செய்தது. இரண்டாம் பரிசு, நடுவரின் மாடியில் குடியிருப்பவருக்குப் போன ஆத்திரத்தில் யாரோ மேஜையைத் தட்டினார்கள், தட்டியதில் குழல் போயிற்று என்றது ஒரு கட்சி. தட்டியபோது குழல் நன்றாகத்தான் இருந்தது, பிறகுதான் யாரோ கையால் ஒடித்தார்கள் என்றது இன்னொரு கட்சி. அதன்பின் இரண்டு கட்சியாரும் மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து, எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, ஒரே பசை டப்பாவை ஒரு வார்த்தை பேசாமல் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அது ஸ்கேல் மாடல் சங்கம். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, தேய்த்து, வர்ணம் பூசி, நிஜ விமானத்தையும் கப்பலையும் லாரியையும் உள்ளங்கை அளவிலும் முழங்கை அளவிலும் செய்கிறவர்களின் கூட்டம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் மாடியறையில் கூடுவார்கள். சுவரெல்லாம் சாலைக் குறிகள். 'இங்கே முந்தக் கூடாது' என்ற படத்துக்கு நேர் கீழேதான் பரிசு மேஜை.

சங்கத்தின் தலைவர், சிமெண்ட் ஆலையில் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தை ஆரம்பித்தவரும் அவரே. ஆண்டுதோறும் ஒரு பாய்மரக் கப்பல் செய்து கொண்டுவருவார். ஆண்டுதோறும் அதுவே போட்டியின் தலைசிறந்த மாடல் என்று முதல் பரிசு வாங்கும். இதில் யாருக்கும் வருத்தமில்லை. மழை பெய்வதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? சண்டையெல்லாம் அதற்குக் கீழே உள்ள பரிசுகளுக்குத்தான்.

"இந்தத் தடவை நடுவர் வெளி ஆளா இருக்கணும். யாருக்கும் வேண்டியவரா இருக்கக் கூடாது" என்றார் செயலாளர். மருந்துக்கடை வைத்திருப்பவர். இரண்டு கட்சிக்கும் தலைவலி மாத்திரை கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போயிருந்தார்.

தலைவர் சிறிது யோசித்தார். "என் மாப்பிள்ளை இருக்காரே. பல் டாக்டர். சங்கத்துல உறுப்பினர்கூட இல்ல."

இதைவிட வெளி ஆள் கிடைக்கமாட்டார் என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது.

மாமனார் அன்று மாலையே மகள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். பல் டாக்டர் தயங்கினார்.

"எனக்கு மாடலப் பத்தி ஒண்ணும் தெரியாதே மாமா."

"தெரியாம இருக்கறதுதான் நல்லது மாப்பிள்ளை. தெரிஞ்சவங்க வந்துதான் இவ்வளவு சண்டை. பாக்கறதுக்கு எது கம்பீரமா இருக்கோ அதுக்குப் போட்டுடுங்க."

"எது கம்பீரமா இருக்கும்?"

மாமனார் தேநீரை ஊதிக் குடித்தார். "அதை நான் சொல்லக் கூடாது. நீங்க நடுவர். ஆனா பொதுவா, பாய்மரம்னா ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்யும்."

அவர் போன பிறகு டாக்டரின் மனைவி தன் கவலையைச் சொன்னாள். அவள் கவலை அப்பாவைப் பற்றியது அல்ல. "யாருக்கு வேணா குடுங்க. அந்த ஆடிட்டருக்கு மட்டும் குடுத்துடாதீங்க."

ஆடிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது. அதற்காக அவர் கடுமையாக உழைத்திருந்தார். யார் எதைச் செய்து காட்டினாலும், "இது அந்த வருஷத்து டயர் இல்லையே" என்பார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஆசை ஆசையாய்ச் செய்துவந்த ஹெலிகாப்டரைப் பார்த்து, "இது பறக்காது, நல்ல வேளை" என்றார். அவள் அடுத்த மாதம் தையல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பல் டாக்டருக்கும் அவரோடு ஒரு கணக்கு இருந்தது. ஆடிட்டர் அவருடைய மருத்துவமனைக்கு வந்து கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொண்டு போய், இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். 'பல் வலி போய்விட்டது. காத்திருக்கும் அறையில் மீன் தொட்டித் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். டாக்டரை அதிகம் சுட்டது, தண்ணீர் உண்மையிலேயே கலங்கலாக இருந்ததுதான்.

போட்டி நாள் காலை மாடியறையில் மாடல்களை வரிசையாக வைத்திருந்தார்கள். நேர்மைக்காகப் பெயர்களை எடுத்துவிட்டு எண் மட்டும் ஒட்டியிருந்தார்கள். தலைவரின் கப்பல் மட்டும் வழக்கமான கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பெட்டியின் அடியில் பித்தளைத் தகட்டில் 'நிறுவனர் தலைவர்' என்று பொறித்திருந்தது. அந்தத் தகட்டின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்திருந்தார்கள். காகிதம் சின்னது. 'நிறு' என்பதும் 'வர்' என்பதும் இரு பக்கமும் தெரிந்தன.

உறுப்பினர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, செயலாளர் விதிமுறைத் தாளை டாக்டரிடம் கொடுத்தார். அதில் முதல் விதி தெளிவாக இருந்தது. எவ்வளவு பெரிய மாடல், எவ்வளவு பிரபலமான மாடல் என்று பார்க்கக் கூடாது. முதலில் கைவேலையைப் பார்க்க வேண்டும். இரண்டு பாதிகளை ஒட்டிய இடத்தில் ஒட்டுக்கோடு தெரிகிறதா, பசை வழிந்திருக்கிறதா, நேராக நிற்க வேண்டியது நேராக நிற்கிறதா, வர்ணம் ஒரே சீராக இருக்கிறதா. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

"இதை யாரு எழுதினது?" என்றார் டாக்டர்.

"தலைவர்தான். ஆரம்பத்துல." செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

"பார்த்துத்தான் போடுவேன்" என்றார் டாக்டர். செயலாளருக்கு நிம்மதியாயிற்று.

டாக்டர் பையிலிருந்து நெற்றியில் மாட்டும் விளக்கை எடுத்து மாட்டினார். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை எடுத்தார். முதல் விமானத்தின் இறக்கைக்கு அடியில் அதை நீட்டினார். செயலாளரின் நிம்மதி அங்கேயே நின்றுபோயிற்று.

டாக்டருக்கு விமானம் தெரியாது, பீரங்கி தெரியாது. இரண்டு பொருள்கள் ஒட்டும் இடம் தெரியும். இடைவெளியை அடைத்தது சரியாகப் பொருந்தியிருக்கிறதா, அடைத்த இடமும் பக்கத்து இடமும் ஒரே நிறமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் இருபது வருஷமாக அவர் பிழைப்பு. ஒவ்வொரு மாடலாக நகர்ந்தார். "இங்க நிரப்பினது சுருங்கிடுச்சு" என்றார். "இங்க தேய்க்காம விட்டுட்டாரு." ஒரு போர் விமானத்தைப் பார்த்து, உச்சுக்கொட்டி, "அலட்சியம்" என்றார். அது செயலாளருடையது.

கண்ணாடிப் பெட்டியைத் திறக்கும்போது அவருக்கும் கொஞ்சம் கை கூசியது. தூரத்திலிருந்து பார்க்கக் கப்பல் கம்பீரமாகத்தான் இருந்தது. கிட்டத்தில் விளக்கடித்துப் பார்த்தால், கப்பலின் வயிற்றில் முனையிலிருந்து முனைவரை ஒட்டுக்கோடு ஓடியது. பசை வழிந்து காய்ந்திருந்தது. தளத்தில் அரக்கு வர்ணத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, காவல் நிலையத்தில் எடுத்ததுபோல் அவ்வளவு தெளிவாக. நடுப் பாய்மரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, மற்ற இரண்டும் அதைத் தாங்கப் போவதுபோல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. டாக்டர் நெடுநேரம் குனிந்திருந்தார். பிறகு பெட்டியை மெதுவாக மூடினார்.

வரிசையின் கடைசியில், கழிவறைக் கதவை ஒட்டி, யாரும் இடம் கொடுக்காத மூலையில் ஒரு குப்பை லாரி இருந்தது. அதைப் பார்த்து உறுப்பினர்கள் காலையிலேயே சிரித்திருந்தார்கள். போர்க்கப்பலும் போர் விமானமும் வரும் சபைக்கு ஒருவர் குப்பையைக் கொண்டுவந்திருக்கிறார் என்று. டாக்டர் விளக்கைக் காட்டினார். ஒட்டுக்கோட்டைத் தேடினார், கிடைக்கவில்லை. கண்ணாடியை அடியில் விட்டார். அடியிலும் யாரும் பார்க்கப்போகாத அச்சின்மேல் சேறு தெறித்திருந்தது, சக்கரம் எந்தப் பக்கம் சுழலுமோ அந்தப் பக்கமாகவே தெறித்திருந்தது. பின்கதவின் கீழ் விளிம்பில் துரு, தண்ணீர் வடியும் வழியில் மட்டும் இறங்கியிருந்தது. குப்பை அள்ளுகிறவர் பிடித்துத் தொங்கும் கம்பியில் கை பட்டுப் பட்டு வர்ணம் தேய்ந்திருந்தது. வலது கை பிடிக்கும் இடத்தில் அதிகமாகவே தேய்ந்திருந்தது.

"இது யாரோடது?" என்றார் டாக்டர், பாதி ஊகித்துக்கொண்டே.

"பேரு சொல்லக் கூடாது டாக்டர்" என்றார் செயலாளர். சொல்லிவிட்டு, "ஆடிட்டர்து" என்றார்.

டாக்டர் நெற்றி விளக்கை அணைத்துவிட்டு, 'பாதசாரிகளுக்கு வழி விடுக' என்ற படத்துக்குக் கீழே உட்கார்ந்தார். லாரியில் ஏதாவது குறை இருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. மறுபடி எழுந்து போய்ப் பார்த்தார். சொத்தை விழுந்த பல்லை நல்ல பல் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நல்ல பல்லைச் சொத்தை என்று சொல்லிப் பிடுங்கும் ஆட்களை அவருக்குத் தெரியும், அவர்களோடு அவர் பேசுவதில்லை. கடைசியில் ஒருவழியாய் லாரியின் அடித்தட்டில் வர்ணத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மெல்லிய முடியைக் கண்டுபிடித்தார். தூரிகையின் முடி. அதற்காக இரண்டு மார்க்கைக் குறைத்தபோது அவருக்குக் கிடைத்த ஆனந்தம் கொஞ்சம் அளவுக்கு மீறியதுதான். குறைத்தும் லாரிதான் முதலில் நின்றது. கப்பல் எட்டாவது.

செயலாளர் மார்க்குகளைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். "டாக்டர், நான் பார்த்துப் போடச் சொன்னேனே."

"பார்த்தேனே. அதனாலதான் இவ்வளவு."

பரிசளிப்பு மாலையில். இடைப்பட்ட நேரத்தில் செயலாளர் சும்மா இருக்கவில்லை. தலைவரை எட்டாவது இடத்தில் விட்டுவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? எனவே 'வாழ்நாள் கம்பீர விருது' என்று ஒரு புதுப் பரிசை உண்டாக்கினார். கடைத்தெருவுக்கு ஓடி இடுப்புயரத்தில் ஒரு கோப்பை வாங்கி வந்தார். விஷயம் கசிந்தது. பீரங்கி வண்டிக்காரர் வந்து, போன வருஷம் குழலை இழந்ததற்குத் தனக்கு ஒரு ஆறுதல் விருது வேண்டும் என்றார். அவருக்குக் கொடுத்தால் எதிர்க்கட்சிக்கும் கொடுக்க வேண்டும். செயலாளரின் சொந்த விமானம் 'அலட்சியம்' என்று பெயர் வாங்கியிருந்ததால் அவருக்கும் மனசு ஆறவில்லை, 'துணிச்சலான வர்ணத் தேர்வு' என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். நாலு மணிக்குள் பரிசில்லாதவர் சங்கத்தில் ஒருவருமில்லை. முன்கூட்டியே வாங்கியிருந்த முதல் பரிசுக் கோப்பைதான் மேஜையிலேயே சின்னதாக, முட்டை வைக்கும் கிண்ணம்போல, ஓரத்தில் நின்றது.

டாக்டர் முடிவை வாசித்தார். "முதல் பரிசு, குப்பை லாரி."

யாரும் கைதட்டவில்லை. மாமனார் மட்டும் பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டார். எழுந்தவர், சட்டையைச் சரிசெய்வதுபோல் செய்துவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் டாக்டரின் மனைவி கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள், கூட்டம் முடியும்வரை தேடிக்கொண்டிருந்தாள்.

ஆடிட்டர் மேடைக்கு வந்தார். கோப்பையை வாங்கினார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் டாக்டரைப் பார்த்து, "ரெண்டு மார்க் எங்க போச்சு?" என்றார்.

"என்னது?"

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு போட்டிருக்கீங்க. மிச்சம் ரெண்டு?"

டாக்டர் லாரியைக் கவிழ்த்து, சின்னக் கண்ணாடியை வைத்து, முடியைக் காட்டினார். ஆடிட்டர் வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் சுண்டியது. சங்கத்தில் அந்த முகம் சுண்டி யாரும் பார்த்ததில்லை, ஆகவே இப்போதுதான் அறை முழுக்கக் கைதட்டியது.

பிறகு வாழ்நாள் கம்பீர விருதை அறிவித்தார்கள். அந்தப் பெரிய கோப்பையை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். மாமனார் எழுந்து வந்து, அதை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு எத்தனையாவது இடம்?" என்று செயலாளரைக் கேட்டார்.

"அதெல்லாம் எதுக்குங்க, இது தனி விருது."

"எத்தனையாவது?"

செயலாளர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சொன்னார். "எட்டாவது, மாமா."

மாமனார் கோப்பையை வாங்காமலே படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த சில நாட்கள் டாக்டரின் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகள் மட்டும் பேசின. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மருத்துவமனையில் கூட்டம் இல்லாத நேரம், மாமனார் வந்தார். நோயாளிகள் சாயும் நாற்காலியில் தானாகவே ஏறி உட்கார்ந்தார்.

"பல் வலியா மாமா?"

"வலி இல்ல. மாப்பிள்ளை, நீங்க என்கிட்ட மறைக்காமச் சொல்லணும். மார்க் தாள்ல போட்டிருக்கற மாதிரி உண்மையிலயே அந்தப் பாய்மரம் சாய்ஞ்சிருக்கா? எனக்கு நேராத்தான் தெரியுது."

டாக்டர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் காட்டினார். "அது நேரா இருக்கா?"

"இருக்கு."

நாட்காட்டி இரண்டு ஆணிகளில் ஒன்றிலிருந்து கழன்று கோணலாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அதை நேராக்காமல், அவரைக் கண் மருத்துவரிடம் அனுப்பி வைத்தார்.

புதுக் கண்ணாடி வந்த அன்று மாமனார் மகளையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்கு வரச் சொன்னார். கூடத்து அலமாரியில் இத்தனை வருஷத்துக் கப்பல்களும் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் காலடியிலும் அதனதன் கோப்பை. அவர் எல்லாவற்றையும் தரையில் இறக்கி வைத்துவிட்டு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முதல் நாலும் நல்லாத்தான் செஞ்சிருக்கேன்" என்றார். "பாருங்க, இதுல ஒட்டின இடமே தெரியல. அஞ்சாவதுல கயிறு தொய்ஞ்சிருக்கு. அதுக்கப்புறம்..." கையை வீசினார். "அதுக்கப்புறம் இவனுங்க என் நாற்காலிக்குக் குடுத்திருக்கானுங்க. கப்பலுக்கு இல்ல."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீ வாரா வாரம் வர்றே. இதையெல்லாம் தூசி தட்டிக்கூட வெச்சிருக்கே. உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுப்பா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க எப்படி இருக்குன்னு கேட்டதே இல்லையே. எவ்வளவு நல்லா இருக்கு பாருன்னுதானே சொல்லுவீங்க."

மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. பிறகு நாலு கப்பலை மட்டும் அலமாரியில் வைத்தார். மற்றவற்றின் கோப்பைகளைச் சாக்கில் கட்டி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் செயலாளரின் மேஜைமேல் கொட்டினார். இனி தான் போட்டியில் கலந்துகொள்ளப் போவதில்லை என்றும், நடுவராக இருக்கப் போவதாகவும் அறிவித்தார்.

"இத்தனை வருஷமா நீங்க யாரும் எனக்கு உண்மையச் சொல்லல. அதுக்காக நான் கோவிச்சுக்கல" என்றார். "நான் உங்களுக்குச் சொல்றேன்."

சொன்னார். புதுக் கண்ணாடியோடு ஒரு பூதக்கண்ணாடியும் சேர்ந்துகொண்டது. மாதக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு மாடலையும் கவிழ்த்துப் பார்த்தார். செயலாளரின் விமானத்தை, "இதுக்கு மாத்திரை இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். பீரங்கி வண்டிக்காரரிடம், குழல் ஒடிந்தது வண்டியின் நல்ல காலம் என்றார். எதிரெதிர் வரிசைக் கட்சிகள் இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவரைத் திட்ட ஆரம்பித்தன. அந்த வகையில் சங்கத்தில் ஒற்றுமை வந்தது. பழைய காலத்தில் யாருக்குப் பரிசு என்று முன்கூட்டியே தெரியும், எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். செயலாளர் டாக்டரை ஒருநாள் வழிமறித்து, "நீங்களே வந்துடுங்களேன், பார்த்தே போடுங்க, பரவாயில்ல" என்று கெஞ்சினார்.

அடுத்த வருஷப் போட்டிக்கு ஆறே மாடல்கள் வந்தன. மாமனார் முதல் பரிசை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆடிட்டர் ஒரு தெரு பெருக்கும் வண்டி செய்திருந்தார். அதற்கு இரண்டாம் பரிசு. ஆடிட்டர் காரணம் கேட்டார். மாமனார் சொன்னார். ஆடிட்டர் மறுத்தார். பக்கவாட்டுக் கதவின் ஒரு திருகாணி, தட்டைத் தலையா உருண்டைத் தலையா என்பதில் தொடங்கிய வாக்குவாதம் மாடியறையில் முடியாமல், படிக்கட்டில் முடியாமல், டாக்டரின் வீடுவரை வந்தது.

அதன்பின் ஞாயிறுதோறும் வருகிறது. மாமனாரும் ஆடிட்டரும் சோபாவின் இரு முனைகளில் உட்கார்ந்து, நடுவில் ஏதாவது ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, ஒருவர் செய்ததை இன்னொருவர் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிக்கிறார்கள். இருவர் முகத்திலும் இத்தனை சந்தோஷத்தை யாரும் இதற்கு முன் பார்த்ததில்லை.

போன ஞாயிறு டாக்டரின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, அவருக்கு முதல் பரிசு குடுக்காதீங்கன்னு நான் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டாள்.

"சொன்னே" என்றார் டாக்டர்.

"இன்னொரு தேநீர் கேக்கறார். போன தடவை சூடு பத்தலையாம்."

டாக்டர் எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தார்.